குரூப் 4 தேர்வு: கணக்கு கேள்விகளை கைவிடலாமா? 37.5 மதிப்பெண்ணைக் காப்பாற்றும் 6-ம் வகுப்பு எண்ணியல்... முழு விவரம்!

"கணக்கை விட்டுடலாம். தமிழும் பொது அறிவும் பார்த்துக்கிட்டா போதும்..." டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு டாட்டா காட்டிவிட்டு கலைப் பிரிவில் பட்டம் வாங்கியவர்கள், கல்யாணமாகி பல வருஷம் கழித்து மறுபடி புத்தகத்தைத் தொடுகிறவர்கள் என பலரும் இந்த முடிவுக்குத்தான் முதலில் வருகிறார்கள்.

ஆனால் அந்த 25 கேள்விகளில் கணிசமானவை 6-ம் வகுப்பு புத்தகத்தில் உள்ள எண் கணக்குகளை நம்பியே இருக்கின்றன. உசிலம்பட்டியில் இருந்தும் மேலூரில் இருந்தும் பஸ் ஏறி மதுரைக்கு வந்து படிக்கிறவர்களுக்குப் புரியும்படி, தெரிந்த ஊர் விஷயங்களை வைத்தே அந்த அடிப்படைகளைப் பார்க்கலாம்.

25 கேள்வி... எவ்வளவு மதிப்பெண்?

குரூப் 4 தேர்வில் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் தமிழ் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு 100 கேள்வி, பொது அறிவு 75 கேள்வி, திறனறிவும் மனக்கணக்கும் 25 கேள்வி. ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண். அப்படிப் பார்த்தால் கணக்குப் பகுதிக்கு மட்டும் 37.5 மதிப்பெண்.

2025 ஜூலை 12-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஒரு இடத்துக்கு 300 பேருக்கும் அதிகமான போட்டி. ஒரே மதிப்பெண்ணில் வரிசையாகப் பலர் நிற்கிற இடத்தில், ஒரு கேள்வி கூடினாலும் குறைந்தாலும் தரவரிசை எங்கேயோ போய்விடும். 37.5 மதிப்பெண்ணை மொத்தமாக விட்டுவிட்டு அதைத் தமிழிலும் பொது அறிவிலும் ஈடுகட்டுவது ரொம்பவே கஷ்டம்.

எங்கிருந்து தொடங்குவது?

தேர்வின் தரம் பத்தாம் வகுப்புதான். பாடத்திட்டத்தில் உள்ளவை: சுருக்குதல், விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதமும் விகிதாச்சாரமும், தனி வட்டி, கூட்டு வட்டி, பரப்பளவு, கொள்ளளவு, காலமும் வேலையும், தர்க்க அறிவு.

பலரும் நேராக கூட்டு வட்டியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் எடுக்க வேண்டியது தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 6-ம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் உள்ள 'எண்கள்' பாடம். அதை முடித்த பிறகு 10-ம் வகுப்பின் 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்துக்குப் போகலாம். இந்தப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவும் இருக்கிறது.

1. பகா எண்: ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு கணக்கு

1-ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1-ஐ விடப் பெரிய எண் பகா எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். கேள்வியில் வரும் மூன்று பொறிகளை நினைவில் வைத்தால் போதும்.

* 1 பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.
* இரட்டைப் படையில் உள்ள ஒரே பகா எண் 2.
* 1 முதல் 100 வரை உள்ள பகா எண்கள் 25. பார்க்க பகா எண் மாதிரி ஏமாற்றுபவை: 51 (3 × 17), 57 (3 × 19), 87 (3 × 29), 91 (7 × 13).

பெரிய எண் கொடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? மதுரை மீனாட்சி அம்மன் கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் ஆயிரங்கால். உள்ளே இருக்கும் தூண்கள் 985. கடைசி இலக்கம் 5 என்பதால் 5-ஆல் வகுபடும். 985 = 5 × 197.

சரி, 197 பகா எண்ணா? 14-ன் வர்க்கம் 196, 15-ன் வர்க்கம் 225. 197 இவை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எனவே 14 வரை உள்ள பகா எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 2, 3, 5 வகுக்காது. 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-ஆல் வகுத்தால் மீதி 10. 13-ஆல் வகுத்தால் மீதி 2. எதுவும் வகுக்கவில்லை. ஆக 197 பகா எண். 14-க்கு மேல் ஏன் போக வேண்டாம் என்றால், ஒரு எண்ணுக்கு 14-ஐ விடப் பெரிய காரணி இருந்தால் அதன் ஜோடிக் காரணி 14-க்குள் இருந்தே ஆக வேண்டும். அது ஏற்கெனவே சிக்கியிருக்கும்.

2. வகுபடும் தன்மை: பின்கோடை வைத்தே படிக்கலாம்

மதுரை அண்ணா நகரின் பின்கோடு 625020. இதை வகுத்துப் பார்க்காமலேயே பல விஷயங்களைச் சொல்லிவிடலாம்.

* 2: கடைசி இலக்கம் இரட்டைப் படை. இங்கே 0. வகுபடும்.
* 3: இலக்கங்களின் கூடுதல் 3-ஆல் வகுபட வேண்டும். 6+2+5+0+2+0 = 15. வகுபடும்.
* 4: கடைசி இரண்டு இலக்கம் 20. வகுபடும்.
* 5: கடைசி இலக்கம் 0 அல்லது 5. வகுபடும்.
* 6: 2-ஆலும் 3-ஆலும் வகுபட வேண்டும். வகுபடும்.
* 8: கடைசி மூன்று இலக்கம் 020, அதாவது 20. 8-ஆல் வகுபடாது.
* 9: கூடுதல் 15. 9-ஆல் வகுபடாது.
* 11: ஒன்றுவிட்டு ஒன்று கூட்டி, இரண்டு கூடுதலுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டும். 6+5+2 = 13, 2+0+0 = 2. வித்தியாசம் 11. எனவே வகுபடும். (வித்தியாசம் 0 வந்தாலும் வகுபடும்.)

இதில் பலரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. "4-ஆலும் 6-ஆலும் வகுபட்டால் 24-ஆல் வகுபடும்" என்று நினைப்பது. 12-ஐப் பாருங்கள். 4-ஆல் வகுபடும், 6-ஆல் வகுபடும், ஆனால் 24-ஆல் வகுபடாது. 2-ம் 3-ம் போல, 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்லாத எண்களை மட்டுமே இப்படிப் பெருக்கிச் சொல்ல முடியும். இவற்றைத்தான் புத்தகம் சார்பகா எண்கள் என்கிறது.

3. பகாக் காரணி: மொத்தப் பாடத்துக்கும் சாவி

1-ஐ விடப் பெரிய எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம். வரிசை மாறலாம், ஆனால் எண்கள் மாறாது. 10-ம் வகுப்பில் 'எண்ணியலின் அடிப்படைத் தேற்றம்' என்று வருவது இதுதான்.

72-ஐப் பிரித்தால் 2 × 2 × 2 × 3 × 3, அதாவது 2³ × 3². இதை வைத்து 72-க்கு எத்தனை காரணிகள் என்று உடனே சொல்லலாம். அடுக்குகள் 3, 2. ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் 4, 3. பெருக்கினால் 12. அவ்ளோதான்.

4. மீ.பெ.கா-வா, மீ.சி.ம-வா? குழப்பம் எங்கே வருகிறது?

கணக்கு போடத் தெரிந்தவர்கள்கூட மதிப்பெண் விடுகிற இடம் இது. கேள்வியைப் படித்ததும் எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்தான் தடுமாற்றம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மீப்பெரு பொதுக் காரணி, மீப்பெரு பொது வகுத்தி என இரண்டு பெயர்கள் புத்தகங்களில் வரும். இரண்டும் ஒன்றுதான். கோச்சிங் சென்டர்களில் எச்.சி.எஃப் என்பார்கள். மீச்சிறு பொது மடங்கைத்தான் எல்.சி.எம் என்பார்கள்.

உதாரணம் 1: ஒரு பூக்கடையில் 84 முழம் மல்லிகை, 36 முழம் கனகாம்பரம் இருக்கிறது. இரண்டையும் கலக்காமல், மிச்சம் வராமல், எல்லாம் ஒரே நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒரு துண்டின் அதிகபட்ச நீளம் என்ன?

இருப்பதைச் சமமாகப் பிரிக்கிறோம். விடை 36-ஐ விடப் பெரிதாக இருக்கவே முடியாது. எனவே மீ.பெ.கா. 84 = 2² × 3 × 7. 36 = 2² × 3². இரண்டிலும் பொதுவாக இருப்பது 2² × 3 = 12. ஒரு துண்டு 12 முழம். மல்லிகையில் 7 துண்டு, கனகாம்பரத்தில் 3 துண்டு.

உதாரணம் 2: மாட்டுத்தாவணியில் இருந்து மூன்று ஊர்களுக்கு 12, 15, 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 6 மணிக்கு மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால், அடுத்து எப்போது ஒன்றாகக் கிளம்பும்?

இங்கே நேரம் ஓடிக்கொண்டே போகிறது, மூன்றும் மறுபடி சந்திக்கும் இடத்தைத் தேடுகிறோம். விடை 20-ஐ விடச் சிறிதாக இருக்க முடியாது. எனவே மீ.சி.ம. 12 = 2² × 3. 15 = 3 × 5. 20 = 2² × 5. ஒவ்வொரு பகா எண்ணின் பெரிய அடுக்கையும் எடுத்தால் 2² × 3 × 5 = 60. விடை காலை 7 மணி.

சுருக்கமாகச் சொன்னால், பிரிப்பது, வெட்டுவது, "மிகப்பெரிய அளவு" என்று வந்தால் மீ.பெ.கா. மறுபடி ஒன்றாக வருவது, "மிகச்சிறிய எண்" என்று வந்தால் மீ.சி.ம. வார்த்தையை மட்டும் நம்பாமல், விடை கொடுத்த எண்களை விடப் பெரிதாக வருமா, சிறிதாக வருமா என்று ஒரு நொடி யோசித்தால் தப்பே வராது.

உதாரணம் 3: வைகை அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. முல்லைப் பெரியாறு அணையில் உச்ச நீதிமன்றம் 2014-ல் அனுமதித்த நீர்மட்டம் 142 அடி. மதுரை விவசாயிகள் தினமும் செய்தியில் பார்க்கிற இந்த இரண்டு எண்களின் மீ.பெ.கா என்ன? 142 = 2 × 71. சின்ன எண் பெரிய எண்ணை மீதியின்றி வகுத்தால், சின்ன எண்ணே மீ.பெ.கா (71), பெரிய எண்ணே மீ.சி.ம (142). பேப்பரில் எழுதவே தேவையில்லை.

5. ஒரு சூத்திரம், ஒரு எச்சரிக்கை

இரண்டு எண்களின் பெருக்கல் = மீ.பெ.கா × மீ.சி.ம.

மீ.பெ.கா 8, மீ.சி.ம 96, ஒரு எண் 24. இன்னொரு எண்? 8 × 96 = 768. அதை 24-ஆல் வகுத்தால் 32.

எச்சரிக்கை: இது இரண்டு எண்களுக்கு மட்டும்தான். 2, 4, 8 என்ற மூன்று எண்களுக்கு மீ.பெ.கா 2, மீ.சி.ம 8, இரண்டையும் பெருக்கினால் 16. ஆனால் மூன்று எண்களின் பெருக்கல் 64. மூன்று எண் கொடுத்தால் இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது.

6. மீதி வருகிற கேள்விகள்: மூன்றே வகை

வகை 1: 12, 15, 20 ஆகியவற்றால் வகுக்கும்போது ஒவ்வொரு முறையும் மீதி 7 வரும் மிகச்சிறிய எண்? (7-ஐத் தவிர) மீ.சி.ம 60. அதனுடன் 7 கூட்டினால் 67.

வகை 2: 5, 6, 8-ஆல் வகுத்தால் முறையே 3, 4, 6 மீதி வரும் மிகச்சிறிய எண்? மீதி வேறு வேறாக இருந்தாலும் 5-3, 6-4, 8-6 எல்லாமே 2. மீ.சி.ம 120. அதில் 2 கழித்தால் 118.

வகை 3: 50, 98, 170 ஆகிய மூன்றையும் வகுக்கும்போது ஒரே மீதி தரும் மிகப்பெரிய எண்? மீதியைச் சொல்லவில்லை என்பதால் வித்தியாசங்களை எடுக்க வேண்டும். 48, 72, 120. இவற்றின் மீ.பெ.கா 24. சரிபார்த்தால் மூன்றிலும் மீதி 2 வருகிறது.

7. காரணி தெரியவில்லையா? யூக்ளிட் வழி இருக்கு

391, 323 ஆகியவற்றின் மீ.பெ.கா கேட்டால் பகாக் காரணி சட்டென்று தெரியாது. சுமார் 2,300 வருஷத்துக்கு முன் கிரேக்க கணித அறிஞர் யூக்ளிட் எழுதிவைத்த வழி, இன்றும் 10-ம் வகுப்பு புத்தகத்தில் இருக்கிறது. பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்து, வரும் மீதியால் சின்ன எண்ணை வகுத்துக்கொண்டே போக வேண்டும்.

391-ஐ 323-ஆல் வகுத்தால் மீதி 68.
323-ஐ 68-ஆல் வகுத்தால் மீதி 51.
68-ஐ 51-ஆல் வகுத்தால் மீதி 17.
51-ஐ 17-ஆல் வகுத்தால் மீதி 0.

மீதி 0 வரவைத்த 17-தான் மீ.பெ.கா.

8. மீதியை வைத்தே கிழமை சொல்லலாம்

2025 ஜூலை 12 சனிக்கிழமை. அதில் இருந்து 100-வது நாள் என்ன கிழமை? கிழமை 7 நாளுக்கு ஒருமுறை திரும்ப வரும். 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. சனிக்குப் பிறகு இரண்டு நாள் தள்ளினால் திங்கள். அந்த 100-வது நாள்தான் 2025 அக்டோபர் 20, தீபாவளி. காலண்டரைப் பார்த்தால் திங்கள்கிழமைதான்.

இதே வழியில் 3⁷¹-ன் கடைசி இலக்கத்தையும் சொல்லலாம். 3-ன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 3, 9, 7, 1 என்று நான்குக்கு ஒருமுறை சுற்றும். 71-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. வரிசையில் மூன்றாவது 7. விடை 7.

9. சுருக்குதல், பின்னம், விழுக்காடு: சின்னத் தப்பு, முழு நஷ்டம்

20 - 12 ÷ 4 × 2 + 5 = ? முதலில் அடைப்புக்குறி, அடுத்து அடுக்கு, பிறகு வகுத்தலும் பெருக்கலும், கடைசியில் கூட்டலும் கழித்தலும். வகுத்தலும் பெருக்கலும் அடுத்தடுத்து வந்தால் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். 12 ÷ 4 = 3, 3 × 2 = 6. 20 - 6 + 5 = 19. 4 × 2-ஐ முதலில் பெருக்கியவர்களுக்கு விடை தப்பாக வரும்.

பின்னம் கூட்டுவதிலும் மீ.சி.ம-தான் வேலை செய்கிறது. தாத்தா காலத்து வழக்கில் அரைக்கால் என்றால் 1/8, மாகாணி என்றால் 1/16. முக்கால், அரைக்கால், மாகாணி மூன்றையும் கூட்டினால்? 4, 8, 16-ன் மீ.சி.ம 16. 12/16 + 2/16 + 1/16 = 15/16.

விழுக்காட்டில் வரும் பொறி இது: கிலோ 1,000 ரூபாய்க்கு விற்ற மல்லிகை 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் பழைய விலைக்கே வந்துவிடும் என்று தோன்றும். வராது. 1,000 ஏறினால் 1,200. அதில் 20% என்பது 240. விலை 960. மொத்தத்தில் 4% குறைவு.

தேர்வு அறையில் கவனிக்க வேண்டியவை

* 180 நிமிடத்தில் 200 கேள்வி. சராசரியாக ஒரு கேள்விக்கு 54 விநாடிதான். தமிழையும் பொது அறிவையும் வேகமாக முடித்தால்தான் கணக்குக்கு நேரம் மிஞ்சும்.
* மீதி வரும் கேள்விகளில், கொடுத்துள்ள விடைகளை வைத்தே வகுத்துப் பார்க்கலாம். பல நேரம் இரண்டு வரியில் முடிந்துவிடும்.
* தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. இரண்டு விடைகளை நீக்க முடிந்தால்கூட மீதியில் ஒன்றைக் குறிப்பது லாபம்.
* எந்தக் கேள்வியையும் காலியாக விடக் கூடாது. துளிகூடத் தெரியாவிட்டால் 'விடை தெரியவில்லை' என்பதற்கான வட்டத்தையாவது நிரப்ப வேண்டும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. 143 பகா எண்ணா?
2. மீ.பெ.கா 6, மீ.சி.ம 180, ஒரு எண் 36. மற்றொரு எண் என்ன?
3. மூன்று மணிகள் 8, 12, 18 நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கின்றன. காலை 6 மணிக்கு ஒன்றாக ஒலித்தால் அடுத்து எப்போது?
4. 9, 12, 15-ஆல் வகுத்தால் மீதி 5 தரும் மிகச்சிறிய எண்? (5-ஐத் தவிர)
5. 120-க்கு எத்தனை காரணிகள்?

விடைகள்: 1) இல்லை, 11 × 13. 2) 30. 3) 72 நிமிடம் கழித்து, காலை 7.12. 4) 185. 5) 16.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கே: கணக்கே வராது என்பவர்கள் 25 கேள்வியையும் படிக்க வேண்டுமா?
ப: முதலில் எண்ணியல், சுருக்குதல், விழுக்காடு, விகிதம், தனி வட்டி ஆகியவற்றை முடித்தாலே பாதிப் பகுதி பயம் போய்விடும். கூட்டு வட்டி, கொள்ளளவு அதற்குப் பிறகு.

கே: தமிழ்ப் பகுதியில் எவ்வளவு எடுக்க வேண்டும்?
ப: குறைந்தது 40%, அதாவது 150-க்கு 60. அதை எடுக்காவிட்டால் கணக்கில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை.

கே: சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதுமா?
ப: போதாது. எண்ணை மாற்றிக் கேட்டால் சமாளித்துவிடலாம், கேள்வியை மாற்றிக் கேட்டால் மாட்டிக்கொள்வோம். ஒவ்வொரு வகையிலும் பத்து கணக்காவது கையால் எழுதிப் போட வேண்டும். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலேயே கிடைக்கும்.

கே: 10-ம் வகுப்பு பொதுத் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இது உதவுமா?
ப: உதவும். யூக்ளிட் வழி, எண்ணியலின் அடிப்படைத் தேற்றம், மீதி வைத்து கிழமை கண்டுபிடிப்பது எல்லாமே 10-ம் வகுப்பு இரண்டாவது பாடத்தில் வருபவைதான். வீட்டில் ஒருவர் குரூப் 4-க்கும் இன்னொருவர் பத்தாம் வகுப்புக்கும் படித்தால், ஒரே நோட்டில் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.